சர்வீஸ் முடிந்து வந்த கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? மெக்கானிக்கிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்! | நம்ம வண்டி நம்ம கையில்

ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது காரில் ஒரு பிரச்னை இருந்தது. திரும்பி வந்தபோது அந்தப் பிரச்னை போய்விட்டது. ஆனால், போகும்போது இல்லாத இன்னொன்று கூடவே வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் கார் மெல்ல இடதுபக்கம் நகர்கிறது. அல்லது, கார் நேராகத்தான் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் கோணலாக நிற்கிறது. அல்லது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கத்தில் இருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

போன் செய்து கேட்டால் பெரும்பாலும் வரும் பதில்: "புது பார்ட்ஸ் போட்டிருக்கோம்ல... ஓட ஓட செட் ஆயிடும் சார்."

ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் விஷயத்தில் இந்தப் பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்த இரண்டு அமைப்புகளிலும் தவறாகப் பொருத்தப்பட்ட ஒன்று ஓட ஓடச் சரியாகாது. ஓட ஓடத் தேயும். முதலில் டயரைத் தின்னும். பிறகு பக்கத்தில் இருக்கும் பாகங்களைத் தின்னும். மிக மோசமான நிலையில், குடும்பத்தோடு போகும்போது சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காமல் போகும்.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்தப் பிரச்னைகளில் பெரும்பாலானவை தானாக முளைத்தவை அல்ல. ரிப்பேருக்கு முன் இல்லாமல், ரிப்பேருக்குப் பின் வந்திருக்கிறது என்றால், அதுவே பெரிய துப்பு. அந்தத் துப்பை எப்படிப் பிடித்துக்கொண்டு போவது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி: கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?

ஸ்டீயரிங் கோணலாக இருக்கிறது என்றதும் பலரும் நேராக வீல் அலைன்மென்ட் கடைக்குப் போகிறோம். அதற்கு முன் பில்லை எடுத்துப் பாருங்கள். என்ன வேலை நடந்தது என்பதை வைத்தே சந்தேகப் பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

* ஷாக் அப்சார்பர் அல்லது ஸ்ட்ரட் மாற்றியிருந்தால்: ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், அதிலுள்ள பேரிங், ஸ்பிரிங் உட்காரும் இடம், ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகள்.
* லோயர் ஆர்ம் அல்லது புஷ் மாற்றியிருந்தால்: ஆர்ம் போல்ட்டுகள் எந்த நிலையில் இறுக்கப்பட்டன என்பது, பால் ஜாயின்ட் போல்ட்.
* டை ராடு எண்ட் மாற்றியிருந்தால்: டோ அளவு, லாக் நட், ஸ்பிளிட் பின்.
* கிளட்ச் அல்லது கியர்பாக்ஸ் வேலை நடந்திருந்தால்: ஆக்சில், சப்-ஃபிரேம், இன்ஜின் மவுன்ட்.
* பிரேக் வேலை மட்டும் என்றால்: விட்டுவிடாமல் பிடிக்கும் காலிப்பர், சரியாக உட்காராத டிஸ்க், வீல் நட்.
* டயர் மாற்றி, பேலன்சிங் செய்திருந்தால்: டயர், காற்றழுத்தம், ரிம்மில் ஒட்டிய எடைகள்.
* பேட்டரி கழற்றி மாட்டியிருந்தால்: எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கின் சென்சார் தன் நடுநிலையை மறந்திருக்கலாம்.

இந்தப் பட்டியலில் பலரும் எதிர்பார்க்காதது கிளட்ச். கிளட்ச் மாற்றினால் ஸ்டீயரிங் ஏன் கோணலாக வேண்டும்?

ஒரு கற்பனை உதாரணம். ஒரு காரில் கிளட்ச் மாற்றுகிறார்கள். முன் சக்கர டிரைவ் கொண்ட சில கார்களில் கியர்பாக்ஸை இறக்க வேண்டுமென்றால், அதற்குக் கீழே இருக்கும் சப்-ஃபிரேமையும் இறக்கியாக வேண்டும். லோயர் ஆர்ம்கள் இந்தச் சட்டத்தில்தான் மாட்டப்பட்டிருக்கும். பல கார்களில் ஸ்டீயரிங் ரேக்கும் இதிலேதான் இருக்கும். போல்ட் ஓட்டைகளில் சிறிது இடைவெளி இருப்பதால், திரும்ப மாட்டும்போது சட்டம் சில மில்லிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தால், இரண்டு சக்கரங்களும் வேறு வேறு கோணத்தில் சாய்ந்துவிடும்.

கார் ஓனருக்குத் தெரிவது, ஸ்டீயரிங் கோணல், கார் இழுக்கிறது என்பது மட்டும்தான். அலைன்மென்ட் செய்கிறார், ஸ்டீயரிங் நேராகிறது, இழுப்பு போகவில்லை. டயர் காரணமாக இருக்கும் என்கிறார்கள். இரண்டு புது டயர் வாங்குகிறார். இழுப்பு போகவில்லை. ரேக்கில் கோளாறு என்கிறார்கள். அது பெரிய செலவு. இத்தனைக்கும் செய்ய வேண்டியிருந்தது, சப்-ஃபிரேம் போல்ட்டுகளைத் தளர்த்தி, சட்டத்தை நடுவில் நகர்த்தி, மறுபடி இறுக்குவது மட்டும்தான். பார்ட்ஸ் செலவு பூஜ்யம்.

'கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?' என்ற ஒரு கேள்வி, இப்படி ஆயிரக்கணக்கில் போகும் பணத்தைத் தடுத்து நிறுத்தும்.

அறிகுறியைச் சொல்லுங்கள், பார்ட்ஸ் பெயரைச் சொல்லாதீர்கள்

டாக்டரிடம் போய் "எனக்கு இந்த மாத்திரை கொடுங்க" என்று கேட்பதில்லை. "எங்கே வலிக்குது, எப்போ வலிக்குது" என்று சொல்கிறோம். மெக்கானிக்கிடமும் அப்படித்தான். "லிங்க் ராடு போயிடுச்சு போல" என்று நீங்கள் சொன்னால், அவர் லிங்க் ராடை மாற்றிவிட்டு பில் போடுவார். சத்தம் போகாவிட்டால், "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்பார். அதனால் எப்போது, எந்த வேகத்தில், எந்தப் பக்கம், என்ன செய்யும்போது என்ற நான்கை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

*ஸ்டீயரிங் கோணல், ஆனால் கார் நேராகப் போகிறது:* இழுப்பு இல்லாமல் கோணல் மட்டும் என்றால், பெரும்பாலும் அலைன்மென்ட் செய்யும்போது ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்திப் பூட்டாமல் டோ வைத்திருக்கிறார்கள். மறுபடி சரியாகச் செய்தால் தீர்ந்துவிடும்.

*ஸ்டீயரிங் நேர், ஆனால் கார் இழுக்கிறது:* முதலில் நான்கு டயர்களின் காற்றைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். பிறகு முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களுக்கு இது பொருந்தாது). இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் குற்றவாளி டயர். மாறாவிட்டால், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ரிம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை என்றால்தான் கேம்பர், காஸ்டர் கோணங்களைச் சந்தேகிக்க வேண்டும்.

*திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வரவில்லை:* சாதாரணமாக, வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நேராகும். ஸ்ட்ரட் வேலைக்குப் பிறகு இது நின்றுபோனால், மேல் மவுன்ட்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். புதிதாகப் போட்ட பால் ஜாயின்ட் அளவுக்கு மீறி டைட்டாக இருந்தாலும் இப்படி ஆகும்.

*நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டொய்ங்' என்று ஸ்பிரிங் சத்தம்:* ஸ்பிரிங்கின் முனை அதற்கான பள்ளத்தில் உட்காரவில்லை. அல்லது மேல் பேரிங் சுற்றாமல், ஸ்பிரிங் முறுக்கேறிச் சட்டென்று விடுபடுகிறது.

*சின்னச் சின்னக் குழிகளில் 'கட கட':* ஸ்டெபிலைசர் லிங்க், அல்லது இறுக்காமல் விட்ட ஸ்ட்ரட் மேல் நட்.

*முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்':* ஆக்சிலின் வெளிப்பக்க ஜாயின்ட். கிளட்ச் வேலையின்போது அதன் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறியிருக்கலாம்.

*80 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம்:* வீல் பேலன்சிங். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் அதிர்ந்தால் ஆக்சிலின் உட்பக்க ஜாயின்ட்.

*வேகம் கூடக்கூட 'ஊஊ' என்ற ரீங்காரம். வளைவில் அது கூடுகிறது அல்லது குறைகிறது:* வீல் பேரிங்.

ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கிய போல்ட்

ரிப்பேருக்குப் பின் வரும் பிரச்னைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இது.

லோயர் ஆர்மில் இருக்கும் புஷ் என்பது, உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டப்பட்ட ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும். அதன்பின் சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் மட்டும் முறுகிக் கொடுக்கும்.

காரை லிஃப்ட்டில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், ரப்பர் 'தொங்குவதுதான் என் இயல்பு நிலை' என்று எடுத்துக்கொள்கிறது. காரைத் தரையில் இறக்கியதும், எடை ஏறி ஆர்ம் மேலே வருகிறது. கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுகிய நிலையில் இருக்கிறது. குழியில் இறங்கினால் இன்னும் முறுகுகிறது. பல ஆண்டு உழைக்க வேண்டிய புது புஷ், சில மாதங்களிலேயே கிழிகிறது. கார் வழக்கத்தைவிடச் சற்று உயரமாக நிற்கலாம். சவாரி விறைப்பாக இருக்கலாம்.

சரியான முறை: போல்ட்டுகளைக் கையால் மாட்டிவிட்டு, சக்கரங்களில் காரின் எடை இறங்கிய பிறகு, நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். "புஷ் போல்ட்டை வண்டி தரையில நிக்கும்போதுதானே டைட் பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நல்ல மெக்கானிக் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். சந்தேகம் இருந்தால், போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்குவது சிறிது நேர வேலைதான். ரப்பர் கிழிவதற்குள் செய்துவிட வேண்டும்.

அலைன்மென்ட் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

அலைன்மென்ட் மெஷின், வேலைக்கு முன் இருந்த அளவு, வேலைக்குப் பின் வந்த அளவு இரண்டையும் பிரின்ட் செய்து தரும். பலர் அதை வாங்குவதே இல்லை. அதில் மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

டோ என்பது, மேலிருந்து பார்த்தால் இரண்டு டயர்களின் முன்பகுதியும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது. நம் கால் பாதங்களை நினைத்துக்கொள்ளலாம். கேம்பர் என்பது, முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே சாய்ந்திருப்பது. காஸ்டர் என்பது, பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவருவதில் காஸ்டருக்குப் பெரிய பங்கு.

நம் ஊரில் ஓடும் பல சிறிய கார்களில் மெஷின் வைத்துச் சரிசெய்ய முடிவது முன் சக்கர டோ மட்டும்தான். கேம்பருக்கும் காஸ்டருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஆக, ஷீட்டில் கேம்பர் சிவப்பாக இருந்தும் "செட் பண்ணியாச்சு சார்" என்று சொன்னால், டோவை மட்டும் பச்சையாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேம்பர் ஏன் சிவப்பு? ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது இடம் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது மெஷினின் வேலை இல்லை, மெக்கானிக்கின் வேலை.

இன்னொன்று, வரிசை. தேய்ந்த பால் ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது, ஆடும் நாற்காலியில் உட்கார வைத்து உயரம் அளப்பது மாதிரி. முதலில் ஆட்டம் போக வேண்டும். அலைன்மென்ட் எப்போதும் கடைசி வேலை.

கடலோர ஊருக்கே உரிய சிக்கல்

புதுச்சேரி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்றுக்குக் கார்களின் அடிப்பகுதி முதலில் பலியாகும். டை ராடின் லாக் நட் துருவேறி, மரை இறுகிப்போவது சகஜம். அலைன்மென்ட் செய்பவர் ஒரு பக்கம் நட்டைத் திருப்பிப் பார்க்கிறார், அசையவில்லை. நேரமில்லை. அசையும் பக்கத்தை மட்டும் திருப்பி மொத்த டோவைக் கொண்டுவந்துவிடுகிறார். மெஷினில் கணக்கு சரி. கார் நேராகப் போகும். ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். 'எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் கோணல் போகவில்லை' என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். துருவை இளக்கும் எண்ணெய் ஊற்றி, பொறுமையாக அந்த நட்டை விடுவித்து, இரண்டு பக்கமும் சமமாக வைக்க வேண்டும்.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஊரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற பகுதிகள் தண்ணீரில் மிதந்தன. மக்களை மீட்க ராணுவமே வந்தது. அதுபோன்ற வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்ஜின், வயரிங், சீட் என்று எல்லாம் பார்ப்பார்கள். வீல் பேரிங்குக்குள்ளும், பால் ஜாயின்ட்டின் ரப்பர் பூட்டுக்குள்ளும் போன தண்ணீரைப் பலரும் பார்ப்பதில்லை. அது கிரீஸைக் கெடுத்து, உள்ளே துருவை வளர்த்து, பல மாதம் கழித்துத்தான் சத்தம் போடும்.

அந்தச் சமயத்தில் தற்செயலாக ஒரு சர்வீஸ் நடந்திருந்தால், பழி அந்த மெக்கானிக் மீது விழும். 'ரிப்பேருக்குப் பின் வந்தது' என்பது துப்புதான், தீர்ப்பு அல்ல. கார் தண்ணீரில் நின்ற கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். இருவருக்கும் நேரமும் பணமும் மிச்சம்.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது

வேலை முடிந்ததும் ஒர்க் ஷாப்பில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார்கள். ராஜீவ் காந்தி சதுக்கத்தில் இருந்து இந்திரா காந்தி சதுக்கம் வரை போய்த் திரும்பினால், சிக்னலும் நெரிசலும் சேர்ந்து வண்டி வேகம் பிடிப்பதே கஷ்டம். அந்த வேகத்தில் 'கட கட' சத்தம் தெரியும்; 80-ல் வரும் நடுக்கம் தெரியாது. பிறகு சென்னைக்குக் கிளம்பி, காலாப்பட்டைத் தாண்டி இ.சி.ஆரில் வேகம் எடுக்கும்போதுதான் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கும். அப்போது பின் சீட்டில் அம்மாவும் குழந்தைகளும் இருப்பார்கள்.

அதனால் சஸ்பென்ஷன் வேலை முடிந்த காரை எடுக்கும்போது, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நீங்களே ஓட்டுங்கள். முதலில் தெருவுக்குள் மெதுவாக, ஜன்னலைத் திறந்து வைத்து. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி. காலி இடத்தில் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் விழுப்புரம் சாலை போன்ற அகலமான சாலைக்கு, போக்குவரத்து குறைந்த நேரத்தில், அங்கே அனுமதிக்கப்பட்ட வேகத்துக்குள்.

அங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். மழைநீர் வடிய, சாலைகளை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுவார்கள். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம்; அதனால் நல்ல காரும் இடதுபக்கம் மிக மெதுவாக நகரத்தான் செய்யும். சரிவில்லாத இடத்திலும் இழுத்தால்தான் அது கோளாறு. சோதிக்கிறேன் என்று ஸ்டீயரிங்கில் இருந்து கையை எடுத்துவிடாதீர்கள். பிடியைத் தளர்த்தினாலே தெரிந்துவிடும்.

இவை இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்

* சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு, மெதுவாகப் போகும்போதே 'டொக் டொக்' சத்தமும் தள்ளாட்டமும்: வீல் நட் தளர்ந்திருக்கலாம். உடனே ஓரம் கட்டி, நட்டுகளைப் பாருங்கள். சக்கரம் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும், 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை நட்டுகளை இறுக்கம் பார்ப்பது நல்ல வழக்கம்.
* ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சற்றுத் தாமதமாகத்தான் சக்கரம் கேட்கிறது, அல்லது ஸ்டீயரிங்கில் திடீரென்று அதிக ஆட்டம்.
* ஸ்டீயரிங் ஏதோ ஓரிடத்தில் பிடித்துக்கொண்டு விடுகிறது.
* ஒரு சக்கரம் மட்டும் கண்ணுக்குத் தெரியும்படி சாய்ந்திருக்கிறது.
* பிரேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் வெட்டுகிறது.

பால் ஜாயின்ட்டின் போல்ட்டோ, டை ராடு நட்டுக்குக் காவலாக இருக்கும் சின்ன ஸ்பிளிட் பின்னோ விட்டுப்போயிருந்தால், ஜாயின்ட் கழன்று சக்கரம் மடங்கிவிடும். 'மெதுவா ஓட்டிக்கிட்டு ஒர்க் ஷாப் வரைக்கும் போயிடலாம்' என்று நினைக்க வேண்டாம். தூக்கிச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

இது வீண் பயம் அல்ல. 2023 ஜூலையில் மாருதி சுஸுகி, எஸ்-ப்ரெஸ்ஸோ, ஈகோ மாடல்களில் 87,599 கார்களைத் திரும்ப அழைத்தது. 2021 ஜூலை 5-க்கும் 2023 பிப்ரவரி 15-க்கும் இடையே தயாரான கார்கள் அவை. காரணம், ஸ்டீயரிங் டை ராடின் ஒரு பகுதியில் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட குறை. அரிதாக அது உடைந்து, காரைத் திருப்பும் திறன் பாதிக்கப்படலாம் என்றது நிறுவனம். 2024 ஆகஸ்ட்டில் ஆல்டோ கே10 கார்களில் 2,555-ஐ ஸ்டீயரிங் கியர்பாக்ஸ் குறைக்காக அழைத்தபோது, பாகத்தை மாற்றும்வரை காரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது. அரிதான ஒரு சாத்தியத்துக்காக ஒரு நிறுவனமே இத்தனை கார்களைக் கூப்பிடுகிறது என்றால், கண்ணெதிரே அறிகுறி காட்டும் காரை நாம் எப்படி ஓட்டுவது?

கூடவே ஒரு நடைமுறைப் பயன்: உங்கள் காருக்கு ரீகால் இருக்கிறதா என்பதை, சேஸிஸ் நம்பரை வைத்து நிறுவனத்தின் இணையதளத்திலோ டீலரிடமோ பார்த்துவிடுங்கள். ரீகாலில் மாற்றும் பாகத்துக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை

காரைத் தூக்கத் தேவையில்லை. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக, வேகமாக ஆட்டட்டும். இன்னொருவர் வெளியே நின்று முன் சக்கரத்தின் உட்பக்கம் கவனிக்கட்டும். டை ராடு எண்ட்டில் 'டிக் டிக்' என்று ஆட்டம் இருந்தால் கண்ணுக்கே தெரியும். போனில் வீடியோ எடுத்துவிட்டால், மெக்கானிக்கிடம் பத்து நிமிடம் விளக்க வேண்டியதில்லை.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் தெரிவது பெரும்பாலும் டை ராடு அல்லது ரேக். ஆனால் இதை ஒர்க் ஷாப்பில் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். காரோடு வரும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

சண்டை வேண்டாம், ஆதாரம் வேண்டும்

திரும்பப் போகும்போது, "நீங்க கெடுத்துட்டீங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அண்ணே, ஸ்ட்ரட் மாத்தினதுல இருந்து வலதுபக்கம் திருப்பும்போது மட்டும் இந்தச் சத்தம் வருது. நீங்க ஒருமுறை கூட வந்து ஓட்டிப் பாருங்க" என்று ஆரம்பியுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு இந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், "இதுதான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுது? காட்டுங்க" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் சரிசெய்ய மறுத்தால், அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் கேள்வி கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடிப்படை, பில். 'பில் இல்லாம முடிச்சா கொஞ்சம் குறையும்' என்ற பேச்சுக்குத் தலையாட்டினால், குறைவது பணம் மட்டுமல்ல. நாளைக்குக் கேட்கும் உரிமையும்தான்.

காரை எடுப்பதற்கு முன் கேட்க ஐந்து கேள்விகள்

1. எதையெல்லாம் கழற்றினீர்கள்? பில்லில் எழுதித் தர முடியுமா?
2. புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது இறுக்கினீர்களா?
3. அலைன்மென்ட் ஷீட்டில், வேலைக்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் எங்கே?
4. பேட்டரி கழற்றியிருந்தால், ஸ்டீயரிங் சென்சாரை மறுபடி செட் செய்தீர்களா?
5. இப்போது என்னோடு வந்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா?

ஐந்துக்கும் பதில் வந்த பிறகு சாவியை வாங்குங்கள். ஐந்தாவதுக்கு மட்டும் பதில் சொல்லாமல், எழுந்து காரை நோக்கி நடந்தால் அவர்தான் சரியான மெக்கானிக்.